பக்கச்சுவருக்கு வாடகை வராது: எங்கள் உள்ளூராட்சி சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், செயலாளருக்கும்,

போன மாதம் சபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சபை வரி போடுவதற்குக் கணக்கில் எடுக்கும் என் வாடகை வீட்டின் ஆண்டுப் பெறுமதியை 36,000 ரூபாயிலிருந்து 1,14,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்க நேரில் வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். கோப்பை எடுத்துக் காட்டினார். அதில் என் வீட்டில் நடந்த மாற்றங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன: டைல் தரை, புதிய குளியலறை மூன்று, புதிய கூரை, புதிய மின் இணைப்பு வேலை, பின்பக்கம் மண்மேட்டைத் தாங்க 42 அடி நீளத்துக்குப் புதிய பக்கச்சுவர், மழைத் தண்ணீர் ஓடக் கொங்கிரீட் கான்.

அதே வாரம் பக்கத்து வளவைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா தன் முதலாளிக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார், வாசித்துச் சொல்லச் சொல்லி. அந்த வீட்டின் பெறுமதி 22,000 ரூபாய். போன தடவையும் அதுதான், இந்தத் தடவையும் அதுதான். ஒரு சதம் ஏறவில்லை. அந்த வீட்டின் பின்சுவர்தான் டித்வா புயலில், 2025 நவம்பர் 28ஆம் திகதி விடியற்காலையில் மண்மேட்டோடு சேர்ந்து உள்ளே விழுந்தது.

இரண்டும் வாடகை வீடுகள். ஒரே தெரு, ஒரே சரிவு, பரப்பும் கிட்டத்தட்ட ஒன்று. நான் மூன்று அனெக்ஸ், அதாவது வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதிகள், வாடகைக்குக் கொடுக்கிறேன், அங்கேயும் மூன்று குடும்பங்கள் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தன. நான் பன்னிரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டு வந்தேன், அந்த உரிமையாளர் கொழும்பிலிருந்து வாடகையை மட்டும் வாங்கினார். இப்போது சபையின் புத்தகத்தில் பார்த்தால், எனக்கு ஐந்து மடங்கு வரி.

இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வீதக் கணக்கில் வருடத்துக்கு 2,880 ரூபாய் கட்டிய நான் இனி 9,120 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 6,240 ரூபாயால் நான் நடுத்தெருவுக்கு வந்துவிட மாட்டேன். 2013 முதல் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 31க்கு முன்னால் முழுத் தொகையையும் கட்டி பத்து வீதக் கழிவு வாங்கியிருக்கிறேன், பற்றுச்சீட்டு அத்தனையும் ஒரு ஃபைலில் இருக்கிறது. வாங்கும் வாடகையோடு பார்த்தால் 1,14,000 என்பதே குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரி, குறைவுதான். டைலுக்கும் குளியலறைக்கும் பெறுமதியைக் கூட்டுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஏனென்றால் அவற்றைக் காட்டித்தான் நானும் வாடகையைக் கூட்டினேன். ஆனால் பக்கச்சுவருக்கு எந்த ஊரில் வாடகை வருகிறது? வீடு பார்க்க வந்த யாராவது ஒருவர் இதுவரை என்னிடம், "அக்கா, பின்னால் கான் எப்படி, சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டதில்லை. ஹீட்டர் இருக்கிறதா, வைஃபை வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா, அவ்வளவுதான் கேட்பார்கள். சுவரும் கானும் நான் வாடகைக்காகச் செய்தவை இல்லை. உள்ளே படுத்திருக்கிறவர்கள் காலையில் எழும்ப வேண்டும் என்பதற்காகச் செய்தவை. அவற்றையும் டைலோடு ஒரே பட்டியலில் எழுதி வரி போட்டிருக்கிறீர்கள்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து, 2012இல் திரும்பி வந்து, அடுத்த வருடம் ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில் ஒன்பது பேர்ச் காணியில் இருந்த ஒரு பழைய வீட்டை வாங்கினேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர், மேலே துருப்பிடித்த தகரம். என் குடும்பத்தில் சொந்தப் பெயரில் உறுதி எழுதிய முதல் ஆள் நான்தான். இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்தும் பெரும்பாலானவர்கள் இன்னும் ஒரு துண்டு நிலத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. தோட்டத்தை விட்டு நகரத்தில் வேலைக்கு வரும் பிள்ளைகளும், மாற்றலாகி வரும் ஆசிரியர்களும், ஆஸ்பத்திரித் தாதிமாரும் எங்கே தங்குவார்கள்? எங்களைப் போன்றவர்களின் வாடகை அறைகளில்தான். அந்த அறைகளின் நிலைமை இந்த ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை நிலைமை.

வாங்கிய புதிதில் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, அதன் மேல் விலை கூடிய பெயின்ட். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது, கீழ்ப்பகுதி முழுக்கக் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது, முன் அனெக்ஸில் இருந்த ஒரு தாதியின் சின்ன மகனுக்கு இரவில் மூச்சிழுப்பு. மீண்டும் பெயின்ட் அடித்தேன், மீண்டும் அதேதான். கடைசியில் ஒரு வயதான மேசன் பாஸ் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே மண் எந்த உயரத்தில் இருக்கிறது பாருங்கள் என்றார். வெளி மண் உள் தரையைவிட ஓரடி உயரத்தில் இருந்தது. ஈரம் கூரையிலிருந்து இறங்கவில்லை, மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவர் குடித்த தண்ணீரைத் தானாக வெளியே விடும், சீமெந்தால் மூடினால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். வெளி மண்ணை வெட்டி இறக்கினோம். கீழிருந்து மூன்றடிக்குச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போட்டோம். சுவரோரம் ஒரு சின்னக் கான் வெட்டினோம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் நான்கு வருடம் அங்கே இருந்தது. சுவர் கறுக்கவில்லை.

அதிலிருந்து எந்த வேலை என்றாலும் தண்ணீரிலிருந்துதான் தொடங்குவேன். என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். மலைச்சரிவில் மட்டம் பிடித்து, அலவாங்கும் மண்வெட்டியுமாக நாள் முழுக்கக் கொந்தரப்புக்கு, அதாவது வேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசி, வெட்டுவார். "மொதல்ல கான், பொறகுதான் செடி" என்பார். தேயிலைக்குச் சொன்னது வீட்டுக்கும் அப்படியே பொருந்தியது. கூரை மாற்றினேன், கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலி போட்டேன், பீலித் தண்ணீர் சரிவில் விழாமல் குழாய் வைத்துக் கீழ்க் கானில் விட்டேன், பழைய வயர்களைக் கழற்றி ட்ரிப் சுவிட்ச் வைத்தேன். 2022 நெருக்கடியில் ஒரு மூட்டை சீமெந்து மூவாயிரம் ரூபாய் வரை போனபோது மட்டும் ஒரு வருடம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன்.

இந்தச் செலவுக்கெல்லாம் கொப்பியில் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் வாங்கிய வாடகையில் நூற்றுக்கு 31 ரூபாய் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. இது நான் ஊதாரித்தனமாகச் செலவழித்தது இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமே, வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்த வேலை, பராமரிப்பு, தேய்மானம் என்று கழித்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. வீடு வைத்திருந்தால் வாடகையில் கால்வாசி திருத்தத்துக்குப் போகும் என்று வருமான வரிச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கும் சபையின் புத்தகத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

இனி அந்தப் பக்கச்சுவர்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்பதடி உயரத்துக்கு மண்மேடு. அதைத் தாங்கிக்கொண்டு பழைய காலத்துக் கல்லடுக்கு ஒன்று இருந்தது, சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியது. நல்ல வேலை அது, இடுக்குகள் வழியாகத் தண்ணீர் தானாக வடியும். ஆனால் 2023 தொடக்கத்தில் நடுவில் வயிறு தள்ளத் தொடங்கியது. மேலே தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த மார்ச் மாதமே சபைக்கு விண்ணப்பம் கொடுத்தேன். வரைபடம் கேட்டீர்கள், கொடுத்தேன். மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை கேட்டீர்கள். அது சரியான கேள்வி. 2011 முதல் மலைப்பிரதேச மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஏற்கிறேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சேர்த்து மண் மூடியதைப் பார்த்த யாரும் அது வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். என் முறைப்பாடு அறிக்கையைப் பற்றியதில்லை. விழப்போகிற சுவரைப் பிடித்து நிறுத்தக் கேட்ட விண்ணப்பமும், மூன்று மாடி விடுதி கட்டக் கேட்ட விண்ணப்பமும் சபையில் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன, அதைத்தான் சொல்கிறேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கப் பதினொரு மாதம் ஆனது. இரண்டு மழைக்காலம் இடையில் போனது. அந்த வெடிப்பின் மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, கல் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தேன். பின் அனெக்ஸில் இருந்தவர்களை முன்னறைக்கு மாற்றிவிட்டு, பதினொரு மாதமும் அந்த அனெக்ஸைப் பூட்டி வைத்தேன். அந்த வாடகை நட்டத்தை யாரிடமும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் பயந்துகொண்டே தூங்கிய அந்தப் பதினொரு மாதத்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 ஜூலையில் சுவர் முடிந்தது. 11 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் மூன்றங்குல பிவிசி குழாய்கள், சுவருக்குப் பின்னால் மண் சுவரைத் தொடாதபடி கருங்கல் சல்லி நிரப்பல், மேட்டின் உச்சியில் குறுக்கே கொங்கிரீட் கான். வேலையாட்களில் ஒருவர், இவ்வளவு சல்லி எதற்கு, மண்ணையே போட்டு மூடினால் நாற்பதாயிரம் மிஞ்சுமே என்றார். மிஞ்சும்தான். ஒரு பெருமழையில் மண் தண்ணீரைக் குடித்து, அந்தப் பாரம் முழுக்கச் சுவர் மேல் விழும்போது அந்த நாற்பதாயிரத்தை என்ன செய்வது?

இத்தனை செய்தும் என் காணிக்கு மேலே நடப்பது என் கையில் இல்லை. மேட்டுக்கு மேலே போவது சபைக்குச் சொந்தமான தெரு. அதன் ஓரத்தில் 120 மீற்றர் நீளத்துக்கு சபையின் கான். முடிவில் ஒரு மதகு. அந்த மதகு வாயில் பொலித்தீன், பிளாஸ்டிக் போத்தல், கட்டட இடிபாடு, சாப்பாட்டுக் கடைக் கழிவு எல்லாம் இறுகி, மேலே புல்லும் முளைத்துவிட்டது. 2024 ஓகஸ்ட், 2025 ஜனவரி, 2025 செப்டெம்பர் என்று மூன்று கடிதம் கொடுத்தேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, நிதி கிடைத்ததும் கவனிக்கப்படும் என்று வந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தலுக்கு முன்னால் உங்களில் இரண்டு பேர் அந்த மதகடியில் நின்று என்னோடு பேசியிருக்கிறீர்கள். யாரென்று எழுதப் போவதில்லை, உங்களுக்கே நினைவிருக்கும்.

நவம்பர் 26இலிருந்து மழை விடவில்லை. டித்வா புயல் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150 தாண்டினால் நிற்காதே, போய்விடு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. பக்கம் நேராக உள்ள ஒரு பால்மா டின்னை முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும். 27ஆம் திகதி மாலையில் டின்னில் பதினொரு சென்ரிமீற்றர் நின்றது, அதாவது 110 மில்லிமீற்றர். இருட்டும் நேரத்தில் மேல் தெருவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மதகு அடைத்திருந்ததால் கான் முழுக்க நிரம்பி, தண்ணீர் தெருவைக் கடந்து இந்தப் பக்கச் சரிவில் விழுந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, அந்த மேட்டிலுள்ள எல்லாக் கூரைகளின் தண்ணீரும் ஒன்றாக.

என் வீட்டில் இருந்த எட்டுப் பேரையும் கிளப்பினேன். பக்கத்து வளவில் மூன்று கதவையும் தட்டினேன். ஒரு வீட்டில் வர மறுத்தார்கள், சாமான்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று. அந்த வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். அங்கே மொத்தம் பதின்மூன்று பேர், அதில் ஐந்து சின்னப் பிள்ளைகள். எல்லோரும் கோவில் மண்டபத்தில் இருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டின் பின்சுவர், அதன் பின்னால் இருந்த மண்மேடு, மேலே நின்ற சவுக்கு மரம் ஒன்று, எல்லாம் பின்னறைகளுக்குள். கட்டில்கள் இருந்த இடத்தில் நெஞ்சளவு சேறு.

என் சுவர் நின்றது. வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன், பிவிசி குழாய்கள் அத்தனையிலிருந்தும் செம்மண் தண்ணீர் பைப்பைத் திறந்துவிட்டது போலப் பாய்ந்துகொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் தேங்கியிருந்தால் தள்ளியிருக்கக்கூடிய தண்ணீர். அந்த இரவில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று எத்தனை இடங்களில் எத்தனை குடும்பங்கள் மண்ணுக்குள் போயின என்று பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேள்விப்பட்டோம். எங்கள் தெருவில் ஒரு உயிரும் போகவில்லை. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

நான்காம் நாள் சபையின் இயந்திரம் வந்து தெருவில் கிடந்த மண்ணை அள்ளியது. அந்த ஊழியர்கள் மழையிலும் நின்று வேலை செய்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் அள்ளிய மண்ணில் ஒரு பகுதி கானோரத்திலேயே கொட்டப்பட்டது. மதகு இன்று வரை அடைத்துத்தான் கிடக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன்.

எல்லாம் நடந்து முடிந்த பிறகு எனக்கு சபையிலிருந்து வந்த முதல் கடிதம், அந்தச் சுவருக்குப் பெறுமதி போட்ட கடிதம்.

இது என் ஒருத்தியின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் வளைவில் இருக்கும் ஒரு அண்ணன், புயலுக்குப் பிறகு தன் பின்சுவரைக் கட்ட சல்லி இறக்கி வைத்திருந்தார். என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, கை வெச்சாத்தானே கணக்குல வரும்" என்று அந்தச் சல்லியை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். அவருடைய வீட்டில் இரண்டு ஆசிரியைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் செய்தது தப்பு, நேரிலேயே சொன்னேன். ஆனால் திருத்தாமல் விட்டால் இலாபம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

பெறுமதியைப் போடுவது அரச மதிப்பீட்டாளர்கள், சபை இல்லை என்று சொல்வீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் எத்தனை வீதம் என்று தீர்மானிப்பதும் ஆட்சேபணையைக் கேட்பதும் சபைதான். என் கோப்பில் டைலுக்குக் கீழே பக்கச்சுவரை எழுதியது சபையின் பேனா. பக்கத்து வீட்டுக் கோப்பில் வயிறு தள்ளிய சுவரையும் ஒழுகும் கூரையையும் எழுதாமல் விட்டதும் அதே பேனாதான்.

வாடகை வீடு வைத்திருக்கும் நாங்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. வெடிப்பை பிவிசி தகட்டால் மறைத்து, புது பெயின்ட் அடித்து, ஜன்னலிலிருந்து மலை தெரியும் என்று படம் போட்டு இரட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாகனம் நிறுத்துவதற்காக மண்மேட்டின் அடியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மலையில் அதைவிட ஆபத்தான வேலை இல்லை. மலசலக்கூடக் குழியின் தண்ணீரைச் சரிவிலேயே ஊறவிட்டு, கீழ் வீட்டுக்காரரின் மேட்டைச் சேறாக்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் போய் இறுக்கமாக இருங்கள். வேலையை நிறுத்துங்கள், வழக்குப் போடுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்பேன். சரிவில் வாடகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்தையும் வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள் என்று கேட்கவும் நான் தயார். முதலில் என் வீட்டுக்கே வாருங்கள்.

இன்னொன்று. எனக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. நான் பேசுவேன், வாசிக்க வராது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். பக்கத்து வளவுத் தாத்தாவின் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். ஆட்சேபணைக்கு ஒரு கடைசித் திகதி இருந்தது அதன் அடியில், சின்ன எழுத்தில். வீட்டில் மகள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? 1987இல் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்த சபை, வரிக் கடிதத்தையும் தமிழில் அனுப்பலாம்.

என் ஆட்சேபணையைத் தனியாக, உரிய படிவத்தில், திகதிக்கு முன்னால் கொடுத்துவிட்டேன். இந்த மடல் அதற்காக இல்லை. நான் கேட்பவை இவை.

மேல் தெருக் கானையும் மதகையும் முதலில் துப்புரவாக்குங்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு தடவை, ஒக்டோபர் பெருமழைக்கு முன்னால் இன்னொரு தடவை, ஒவ்வொரு வருடமும். எந்தக் கான், எந்த நாள் என்று சபையின் பலகையில் எழுதிப் போடுங்கள். நிதி இல்லை என்றால் அதையும் எழுதிப் போடுங்கள், எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருகிறோம். அள்ளியதை ஏற்ற ஒரு ட்ரக்டரையும், மதகுக் கல்லைத் தூக்க ஆளையும் மட்டும் தாருங்கள்.

பக்கச்சுவர், கான், பீலி, கூரைத் திருத்தம், மின் பாதுகாப்பு வேலை இவற்றைக் காரணம் காட்டி எந்த வீட்டின் பெறுமதியையும் கூட்டச் சபை சிபாரிசு செய்யக்கூடாது. குறைந்தது ஐந்து வருடத்துக்கு. இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து மதிப்பீட்டாளர்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாடகையைக் கூட்டும் வேலைக்கு வரி போடுங்கள், உயிரைக் காக்கும் வேலையை விட்டுவிடுங்கள். டித்வாவுக்குப் பிறகு கட்டிய, கட்டிக்கொண்டிருக்கிற சுவர்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

விழும் நிலையிலுள்ள சுவருக்கும் மேட்டுக்கும் வரும் விண்ணப்பங்களுக்குத் தனிக் கோப்பு வையுங்கள். பதினான்கு நாளுக்குள் உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அறிக்கை வரும் வரைக்கும் என்ன தற்காலிகப் பாதுகாப்புச் செய்யலாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து வளவின் உரிமையாளருக்கு, மிச்சமிருக்கும் சுவரையும் மேட்டையும் சரிசெய்யாமல் யாரையும் குடிவைக்கக்கூடாது என்று கடிதம் அனுப்புங்கள். போன வாரம் யாரோ வந்து முன்னறைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறைகளில் சேறு இன்னும் அள்ளப்படவில்லை. அடுத்த மாதம் அந்த முன்னறைகளுக்கு ஒரு குடும்பம் வந்துவிடும், அவர்களுக்கு நவம்பரில் நடந்தது தெரியாது.

இதற்குப் பதிலை அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில், தமிழில் தாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருவேன், கீழ் வளைவு அண்ணனையும் கூட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
மேல் தெருச் சரிவில் மூன்று வாடகை அனெக்ஸ் வைத்திருக்கும், 2013 முதல் உங்களுக்கு வரி கட்டும் ஒருத்தி